இராயப்பர் நாற்காலி

காலை மிதித்துவிட்டீர்கள் தம்பி. சாரி சொன்னால் வலி போய்விடுமா? பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உட்காருங்கள். பையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என் பக்கம் தள்ள வேண்டாம்.

நீங்கள் மிதித்தது சாதாரணக் கால் இல்லை. இருபத்தாறு வருஷம் சாமியார்கள் முத்தி செய்த கால். முத்தி என்றால் முத்தம். நெற்றியில் திருநீறு வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு எங்கள் கோவில் சங்கதி தெரிந்திருக்காது. சொல்கிறேன். ரோடு போடுகிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறான், பஸ் ஊர்ந்துதான் போகும்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமையைப் பெரிய வியாழன் என்போம். சேசுநாதர் சாவதற்கு முந்தின நாள் தன் சீடர்கள் பன்னிரண்டு பேருக்கும் காலைக் கழுவிவிட்டார். அதனால் அன்றைக்குச் சாயங்காலப் பூசையில், பங்குச் சாமியார், அதாவது எங்கள் ஊர்க் கோவில் பாதிரியார், ஊர் ஆம்பளைகளில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, முழங்கால் போட்டு, ஒவ்வொருத்தன் காலாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்து, முத்தி செய்வார். முதல் நாற்காலி இராயப்பருடையது. இப்போது பேதுரு என்கிறார்கள். எனக்கு இராயப்பர்தான். சீடர்களுக்கெல்லாம் தலைவர், மோட்சத்துச் சாவி அவர் கையில். எங்கள் சூசைமேட்டில் அந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான். மதலைமுத்து வீடு எது என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. இராயப்பர் வீடு என்றால் கை காட்டுவார்கள்.

கடைசி நாற்காலி யூதாஸுடையது. முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தவன். அதில் உட்கார எவனும் லேசில் வர மாட்டான். உட்கார்ந்தவனை அடுத்த ஈஸ்டர் வரைக்கும் டீக்கடையில் நாங்கள் விட மாட்டோம். "என்னடா, முப்பது வெள்ளிக்காச எங்க பதுக்கி வச்சிருக்க, எங்களுக்கு டீ சொல்லு" என்போம். ஒருத்தன் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம் கோவில் பக்கமே வரவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாத ஜனம்.

முதல் நாற்காலியில் உட்காருகிறவன் காலைச் சும்மா நீட்டிவிட முடியாது. நான் வெங்காய மண்டியில் மூட்டை இறக்கினவன். செருப்பில்லாமல் திரிந்த கால். பூசை வைக்கிறவர் வாய் படுகிற இடம் அழுக்காக இருக்கலாமா? அதனால் முந்தின நாள் புதன்கிழமை வெந்நீர் காய்ச்சி, கல் உப்புப் போட்டு, அரை மணி நேரம் காலை ஊற வைத்து, செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்து, நகத்தை பிளேடால் சீவி, தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வியாழக்கிழமை பிரித்தால் பச்சைப் பிள்ளை கால் மாதிரி இருக்கும். ஒரு சாமியாரும் முகம் சுளித்ததில்லை. ஒருத்தர் என்னிடமே சொன்னார், "இராயப்பரே, ஊர்லயே உங்க காலுதான் சுத்தம்" என்று.

யார் தேய்ப்பதா? என்ன கேள்வி இது. என் பெண்டாட்டி மிக்கேலம்மாள்தான். நானே குனிந்து தேய்த்துக்கொள்வேனா? வாசலில் ஸ்டூல் போட்டு நான் உட்காருவேன், அவள் கீழே உட்கார்ந்து தேய்ப்பாள். அவளுக்கு அது ஒரு பாக்கியம்.

ஒழுங்கு என்றால் எங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப செபம். ஐம்பத்து மூன்று மணி செபமாலை முழுசாக, அப்புறம் மாதா பிரார்த்தனை. எல்லாரும் சிமெண்டுத் தரையில் முழங்காலில். நான் மட்டும் ஸ்டூலில், எனக்கு மூட்டை தூக்கின இடுப்பு. யாராவது தூங்கி விழுந்தால் முதல் மணியிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். என் மகன் அமலதாஸ் ஒரே நாளில் மூன்று தடவை தூங்கினான், மூன்று தடவை ஆரம்பித்தோம். மறுநாள் அவனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. பரீட்சை பெரிதா ஆண்டவர் பெரிதா? அப்படி விசுவாசத்தை ஊட்டி வளர்த்தவன் நான். இன்றைக்கு அவன் திருப்பூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசைக்குப் போவதில்லை. கேட்டால் "முட்டி வலிக்குதுப்பா" என்கிறான். நாற்பது வயதில் என்ன முட்டி வலி? மகள் ஜெசிந்தாவை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் கோவிலுக்குப் போகிறாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் செபம் ஐந்து நிமிஷம்தான். பிள்ளைகள் அவள் மடியில் படுத்துக்கொண்டு சொல்கின்றன. படுத்துக்கொண்டு. அதுவும் ஒரு செபமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் தவக்காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்கு, முன்னால் எங்கள் பங்குக்குப் புதுச் சாமியார் வந்தார். ஆல்வின் சாமி. சின்ன வயது, கண்ணாடி போட்டவர். வந்த இரண்டாவது மாசம் பிரசங்கத்தில் சொல்கிறார்: "இந்த வருசம் பாதம் கழுவ ஆள நான் தேர்ந்தெடுக்கப்போறதில்ல. நம்ம பங்குல பன்னிரண்டு அன்பியம் இருக்கு. ஒவ்வொரு அன்பியமும் ஒரு பேர் குடுங்க. ஆணா இருந்தாலும் சரி, பெண்ணா இருந்தாலும் சரி."

அன்பியம் என்றால், ஒரு தெருவில் இருபது முப்பது வீடு சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி செபம் சொல்கிற கூட்டம். பெண்ணா இருந்தாலும் என்று அவர் சொன்னபோது வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் அன்பியம் அந்த வாரம் பிலோமி டீச்சர் வீட்டில் கூடியது. அங்கன்வாடியில் டீச்சர், புருஷனும் அவள் சொன்னபடி கேட்கிறவன். பாட்டுப் பாடி, வேதாகமம் வாசித்து முடித்து, "சரி, பேரச் சொல்லுங்க" என்றாள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பேரைச் சொல்லவே தேவையில்லை. இருந்தாலும் மரியாதைக்கு யாராவது சொல்ல வேண்டுமே.

கோடி வீட்டுக்காரி ஒருத்தி ஆரம்பித்தாள். "இராயப்பர் மாமாவத்தான் வருசா வருசம் அனுப்புறோம். அவரு காலு இங்கயே கழுவித்தானே போகுது."

"யாரு கழுவுறது?" என்றாள் பிலோமி. தெரியாதவள் மாதிரி.

"வேற யாரு, மிக்கேலக்காதான். பொதங்கெழம தெருவே பாக்குதுல்ல."

"அப்ப அந்த அக்கா கால இதுவரைக்கும் யாரு கழுவியிருக்கா?"

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாம் சிரித்தது.  "மிக்கேலக்கா பேரக் குடுப்போம்" என்று பிலோமி கை தூக்கினாள். இருபத்திரண்டு கை எழுந்தது, நான் எண்ணினேன். ஆம்பளைக் கையும் அதில் ஏழு. என் பெண்டாட்டி மூலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு வேண்டாம் டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் அன்பியம் ஒன்றாம் நம்பர். அதனால் முதல் நாற்காலி. என் நாற்காலி.

மறுநாள் சாமியாரைப் பார்க்க நேராக அவர் தங்கியிருக்கிற பங்களாவுக்குப் போனேன்.

"என் நாற்காலிய என் பொண்டாட்டிக்கே குடுத்துட்டீங்க சாமி."

"நான் குடுக்கலங்கய்யா, உங்க அன்பியம் குடுத்துச்சு. வீட்டுக்குள்ளதானே இருக்கு, சந்தோசப்படுங்க."

"சேசுநாதர் கூட இருந்த பன்னிரண்டு பேர்ல ஒரு பொம்பள உண்டா சாமி?"

"ரோம்ல இருந்தே அனுமதி வந்து பல வருசமாச்சுங்கய்யா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இருபத்தாறு வருசமா உங்க கால ஒருத்தர் கழுவிவிடுறாங்க. நீங்க யாரு கால கழுவுனீங்க?"

"நான் எதுக்குக் கழுவணும்? கழுவுறது ஆண்டவர் வேலை. நான் இராயப்பர்."

"இராயப்பரே முதல்ல கால நீட்ட மாட்டேன்னுதானே சொன்னாரு?"

எனக்கா தெரியாது? மூணாம் வகுப்புதான் படித்தவன், ஆனால் பெரிய வியாழன் வாசகம் எனக்கு மனப்பாடம். அவர் மாட்டேன் என்றார், ஆண்டவர் கண்டித்த பிறகுதான் நீட்டினார். நான் ஒரு நாளாவது மாட்டேன் என்றதுண்டா? கூப்பிட்டவுடனே நீட்டியிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் இராயப்பரைவிட ஒரு படி மேல். அதையும் சொன்னேன்.  கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ஒன்று சொன்னார், அதைத்தான் தம்பி என்னால் மறக்க முடியாது.

"பன்னிரண்டாவது அன்பியத்துல இன்னும் யாரும் பேர் குடுக்கல. மனசு கேக்கலன்னா அந்த எடத்துல நீங்க உட்காருங்களேன். நாற்காலி எல்லாம் ஒண்ணுதானே."

பன்னிரண்டாவது. யூதாஸ் நாற்காலி. என் பெண்டாட்டி இராயப்பர், நான் யூதாஸ். ஊரில் எவன் என்னைச் சும்மா விடுவான்?

வீட்டுக்கு வந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பேரு வேண்டாம்னு போய்ச் சொல்லிட்டு வா" என்றேன்.

"பேரு குடுத்தது நான் இல்லையே."

"அதான் வேண்டாம்னு சொல்லச் சொல்றேன்."

"சொல்ல மாட்டேன்."

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம். மாட்டேன் என்ற வார்த்தையை அவள் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்த நாற்காலியில உட்காந்தா இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றேன். அவள் உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், எல்லாம் செய்தாள். கொழுப்புப் பிடித்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

புதன்கிழமை வந்தது. அவள் வெந்நீர் காய்ச்சினாள், உப்புப் போட்டாள், செங்கல் துண்டை எடுத்து வைத்தாள். சரி, புத்தி வந்துவிட்டது, மனசுக்குள் மன்னித்துவிடலாம் என்று நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினேன். அவள் எதிரே படியில் உட்கார்ந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தன் காலைத் தண்ணீருக்குள் வைத்தாள். நான் நீட்டின காலை நீட்டினபடி உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் கால் எப்படிப்பட்ட கால் என்று சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் வெங்காயக் காட்டில் தண்ணீர் பாய்ச்சினவள், இப்போது நூறு நாள் வேலை. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, ஒவ்வொரு வெடிப்பிலும் செம்மண். அவளுக்குக் குனிய வராது, முட்டித் தேய்மானம். இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். கல் எட்டிப் போய் விழுந்துவிட்டது.

"அந்தக் கல்ல எடுத்துக் குடுங்க" என்றாள்.

என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தாள். நான் எழுந்து கல்லைத் தெருவில் வீசினேன், தண்ணீரைக் கொட்டினேன். அந்தக் காலோடே போய் உட்காரட்டும், சாமியார் முகத்தைச் சுளிக்கட்டும், அப்போது தெரியும் இராயப்பர் யார் என்று.

வியாழக்கிழமை நான் கோவிலுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். போனேன். பின்னால் தூண் ஓரமாக நின்றேன். எதற்கு என்றால் அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க. அவள் வெள்ளைச் சேலை கட்டி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் முழங்கால் போட்டார். தண்ணீர் ஊற்றினார். கீழே வைத்த தாம்பாளத்தில் தண்ணீர் சிவப்பாக இறங்கியது. அவர் அவள் காலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். சுளிக்கவில்லை. இன்னொரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கினார். கட்டைவிரலால் அந்த வெடிப்பில் இருந்த மண்ணை எடுக்க ஆரம்பித்தார். எனக்கு எந்தச் சாமியாரும் கட்டைவிரல் வைத்ததில்லை. வலித்திருக்கும் போல, அவள் காலை இழுத்தாள். அவர் என்னவோ சொன்னார், மறுபடியும் கொடுத்தாள். துடைத்துவிட்டு முத்தி செய்தார். எனக்குச் செய்கிற மாதிரி மேல்பாதத்தில் இல்லை. குனிந்து, குதிகாலில், அந்த வெடிப்பின் மேலேயே.

பொம்பளைகள் பக்கம் ஒரே மூக்குச் சிந்தல். பிலோமி டீச்சர் அழுகிறாள். நாடகம். என் பெண்டாட்டி மட்டும் அழவில்லை. தலையை நிமிர்த்திப் பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள். என்ன திமிர் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு வருஷமும் அரை நிமிஷம்தான். சுத்தமான காலுக்கு அரை நிமிஷம், அவளுக்கு ஐந்து நிமிஷம். இதுதான் நியாயமா?

பூசை முடிவதற்கு முன்னால் வந்து வீட்டைப் பூட்டினேன். சாவியை மடியில் செருகிக்கொண்டு என் தம்பி வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன். சொன்ன சொல் சொல்தான். காலையில் வந்து பார்த்தால் பூட்டு பூட்டினபடியே இருந்தது. அவள் கட்டின சேலையோடு ஜெசிந்தா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதோடு பதிமூன்று மாசம். ஒரு நாள் திரும்பி வந்து கதவைத் தட்டினாளா? இல்லை. நான் பகலில் கதவைச் சாத்துவதுகூட இல்லை, ஆனால் அதை அவளுக்கு யார் சொல்வது?

சாமியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். "பூட்டுன நீங்களேதான் போய்க் கூப்பிடணும்" என்றார். அவருக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் தவக்காலத்தில் பிலோமி டீச்சர் வந்து வாசலில் நின்றாள். "மாமா, மொத நாற்காலி இந்தத் தடவ உங்களுக்குத்தான். எல்லாரும் ஒத்துக்கிட்டோம்."

"இப்பவாச்சும் உங்களுக்குப் புத்தி வந்துச்சே" என்றேன்.

"எங்களுக்கு ஒண்ணும் வரல. அக்கா போன் பண்ணுனாங்க. 'அவருக்கே குடுத்துருங்க டீச்சர், அது இல்லாம அவரால இருக்க முடியாது'ன்னாங்க."

வத்தலக்குண்டில் உட்கார்ந்துகொண்டு என் நாற்காலியை எனக்குப் பிச்சை போடுகிறாள். வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நாற்காலி என்னுடையது, யார் கையால் வந்தால் என்ன?

புதன்கிழமை நானே வெந்நீர் காய்ச்சி வைத்துவிட்டு, மத்தியானம் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைக் கொடுத்தவளுக்கு, காலைத் தேய்க்க ஆள் வேண்டும் என்று தெரியாதா? பொம்பளைகளுக்கு டவுன் பஸ் இலவசம். மாறி மாறி வந்தால் ஒரு பைசா செலவில்லை. வரவில்லை. தண்ணீர் ஆறிவிட்டது. நானே குனிந்தேன். இடுப்பு மடங்கவில்லை. கல் வழுக்கி, தேய்க்கிற இடத்தை விட்டு வேறு இடத்தில் கிழித்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வேறு. அந்தப் புண்தான் இது, இன்னும் ஆறவில்லை.

வியாழக்கிழமை போய் உட்கார்ந்தேன். வரிசையாக மற்றப் பதினோரு பேர் காலையும் பார்த்தேன். அத்தனையிலும் கேவலமான கால் என்னுடையதுதான். சாமியார் வந்து முழங்கால் போட்டார். "ஐயா, கால் குடுங்க" என்றார். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். கோவில் முழுக்கப் பார்க்கிறது. அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

அது கேட்கிற இடமா தம்பி? எழுந்து நடந்துவிட்டேன். அன்றைக்கு அவர் பதினோரு பேருக்குத்தான் கழுவினார். எங்கள் பங்கு உண்டான நாளிலிருந்து நடக்காத காரியம். எல்லாம் அவளால்.

என்ன, பேச்சையே காணோம்? நீங்கள் வத்தலக்குண்டில்தானே இறங்குகிறீர்கள்? கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் பெரியகுளத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெரியகுளத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வத்தலக்குண்டுக்கு எடுத்தால் அவளைத் தேடிப் போன மாதிரி ஆகிவிடும். ஈஸ்டருக்கு அப்புறம் இது நாலாவது தடவை. வண்டி ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும். நான் இறங்குவதில்லை. அப்படியே பெரியகுளம் போய், அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு, பச்சைக் கேட் போட்ட வீடு. மிக்கேலம்மாள் என்று கூப்பிட்டால் வருவாள். பஸ்ஸில் ஒரு பெரியவரைப் பார்த்தேன், காலில் புண், வண்டி இன்னும் ஐந்து நிமிஷம் நிற்கும் என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களாகப் பார்த்து, பாவமாக இருந்ததால் வந்து சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

என்ன? நானே இறங்கிப் போகலாமே என்கிறீர்களா?

உங்கள் முகத்தைப் பார்த்ததுமே நினைத்தேன், நீங்களும் அந்தப் பிலோமி டீச்சர் வகையறாதான் என்று. இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினது என் தப்பு. எழுந்திருங்கள், ஸ்டாண்டு வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு போய்ச் சேருங்கள்.

இரண்டாவது தெரு. பச்சைக் கேட்.